கந்தல் கட்டிய பீர்க்கங்காய்

மசக்கையில் எனக்குச் சோற்றைக் கண்டாலே ஆகாது. அடுத்த வீட்டில் உலை கொதித்தால் இங்கே என் குடல் வாய்க்கு வந்துவிடும். அந்த எரிச்சலில் எல்லோர் மேலும் சிடுசிடுவென்று விழுவேன். கோயமுத்தூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பட்டணத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். காய்கறி என்றால் கூடைக்காரி தலையில் வருவது, அவ்வளவுதான் தெரியும்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கோ கொல்லைதான் உலகம். இரண்டு வீட்டுக்கும் பொதுவான கொல்லை அது, பொடக்காளி என்பார்கள். அவரை, கத்தரி, கொய்யா என்று அவர் எதை வைத்தாலும் அந்த ஊர் மலைக்கணவாய்க் காற்றுக்குச் செழித்து வரும். ஊருக்குள் சிறுவாணித் தண்ணீர் வந்த புதிது. அதற்கு முன் குடத்தோடு அலைந்தவர் என்பதால், பாத்திரம் கழுவின தண்ணீரைக்கூட வீணாக்க விடமாட்டார்.

"ஏனுங்க அம்மணி, அதையக் கீழ ஊத்திப்போடாதீங்க. கத்திரிக்கு ஆகுமுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். நான் கழுவின தண்ணீர், நான் கொட்டுகிறேன், இவருக்கென்ன?

பந்தலில் ஒரே ஒரு பீர்க்கங்கொடி. அதில் ஒரே ஒரு இளங்காய், காம்பில் பழைய சேலைக் கந்தல் கட்டித் தொங்கியது. திருஷ்டிக்குக் கட்டியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஒற்றைக் காய்க்கு இத்தனை அமர்க்களமா என்று சிரிப்புக்கூட வந்தது.

ஒருநாள் துவைக்கிற கல்லருகே வாந்தியெடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா ஓடிவந்து என் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"எதைத் தின்னோணும்னு ஆசையா இருக்குதுங்க கண்ணு? மனசுல வெச்சுக்கக் கூடாதுங்க. சொல்லிப்போடுங்க."

ஆசையாவது மண்ணாவது! ஆளை விட்டால் போதும் என்றிருந்தது. எதிரே அந்தக் காய்தான் கண்ணில் பட்டது. "பீர்க்கங்காய்" என்றேன்.

அவர் திரும்பி அந்தக் காயைப் பார்த்தார். பிறகு, "அதுக்கென்னுங்க" என்று பந்தல் பக்கம் போனார்.

மத்தியானம் பாசிப்பருப்புப் போட்டுக் கடைந்து, நெய் விட்டு, சோற்றோடு கொண்டுவந்து வைத்தார். அடடா, அந்த ருசி! வழித்து வழித்துத் தின்றேன். எதுவுமே தங்காத என் வயிற்றில் அது தங்கியது.

சாயங்காலம் மில் ஆபீஸிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் வெறும் பந்தலைப் பார்த்துவிட்டு, காய் எங்கே என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் செத்துப்போயிற்று.

"அது வெதைக்கு உட்ட காயாச்சே! யாரும் பறிச்சுப்போடக் கூடாதுன்னுதான் துணி கட்டறது. அவிய அம்மா ஊட்டு வெதை அது."

தொண்டாமுத்தூரில் இருந்த அந்த அம்மா முந்தின வருஷம் இறந்துபோனார், தோட்டமும் கைமாறிவிட்டது. அக்கா கொண்டுவந்த விதையில் முளைத்ததையெல்லாம் ஆடு மேய்ந்ததுபோக மிஞ்சியது அந்த ஒரு கொடி. பிஞ்செல்லாம் புழு விழுந்து உதிர்ந்ததுபோக மிஞ்சியது அந்த ஒரு காய்.

இப்போதாவது வாந்தி வராதா என்று தவித்தேன். பாழாய்ப்போன வயிறு, அன்றைக்கென்று கல்லாக இருந்தது. "ஏன் அக்கா சொல்லல?" என்று அக்காவிடமே போய் அழுதேன்.

"சொன்னா தின்னிருப்பீங்களா? மசக்கைக்காரி வாயத் தொறந்து கேட்டா, இல்லைன்னு சொல்லுவாங்களா? கொடியில இன்னும் பூ இருக்குதுங்க."

பூ இருந்தது உண்மைதான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் கீழே போகவில்லை. அரிசி களைந்தது, முகம் கழுவினது, எல்லாம் அந்தக் கொடிக்குத்தான். ஒரு பிஞ்சும் நிற்கவில்லை. தை மாதம் கொடி காய்ந்துபோனது.

அடுத்த ஆடியில் அக்கா சந்தை விதை வாங்கிப் போட்டார். பந்தல் கொள்ளாமல் காய்த்தது. என் மகளை மடியில் போட்டுக்கொண்டு, அவர் காய் நறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க அம்மணி," என்றார், தலையை நிமிர்த்தாமல். "அந்தக் காயி எப்படி இருந்துச்சுங்க? அந்த வருசம் எங்கம்மா காயி ஒண்ணுகூட நான் வாயில வெக்கலீங்க."

மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

"இனிச்சுது அக்கா."

"ஆமாங்க," என்றார். "இனிக்குமுங்க."

சந்தைக் காயைத் தோல் சீவ ஆரம்பித்தார்.