எல்லாவற்றையும் பாராட்டிய பெட்டி

மலாக்காவின் காஜா பேராங்கில் நான் பணியாற்றிய தமிழ்ப்பள்ளியில் மூன்று வகுப்பறைகளும் ஒன்பது இலவசப் பொருள்களும் இருந்தன. நாடு விடுதலை பெறுவதற்கு முந்தைய ஆண்டு அது. புதிய நாட்டுக்குப் புதிய மாணவர்களை ஆக்கித் தரவேண்டுமென்று யார் யாரோ முடிவு செய்திருந்தார்கள். ஆக்குவதற்கான கருவிகளை விலையின்றி அனுப்பிக்கொண்டும் இருந்தார்கள். பால்மாவு விற்கும் நிறுவனமொன்று உடல்நலப் படம் அனுப்பியது. அதில் ஒரு குழந்தை, தன் தலையைவிடப் பெரிய பால்மாவு டின்னைத் தழுவிக்கொண்டு சிரித்தது. உர வணிகர்கள் உலகப் படம் அனுப்பினார்கள். அவர்களுக்குக் கிளையில்லாத நாடுகளெல்லாம் அதில் வெளிறிய நிறத்தில் பெயரின்றிக் கிடந்தன. உரம் வாங்காத நாட்டுக்குப் பெயர் கிடையாது என்ற அளவில் எங்கள் மாணவர் புவியியல் கற்றனர்.

எங்கள் தலைமையாசிரியர் அஞ்சலில் எது வந்தாலும் சுவரில் அறைந்துவிடுவார். "சும்மா குடுக்கிறான் தம்பி. வேணாம்னு சொன்னா அடுத்த தடவ குடுக்கமாட்டான்" என்பதே அவருடைய கல்விக் கொள்கை. அதற்குமேல் ஒரு கொள்கை அவருக்குத் தேவைப்பட்டதாக நான் அறியேன்.

அந்த வரிசையில் இறுதியாக வந்தது வானொலிப் பெட்டி. பள்ளிகளுக்கென்று ஒலிபரப்பான பாடங்களைக் கேட்பதற்காக மேலிடம் அளித்தது. பெட்டி இலவசம், பாடம் இலவசம், பாடங்களை முன்கூட்டியே அச்சிட்டுத் தரும் ஆசிரியர் கையேடும் இலவசம். மின்சாரம் மட்டும் எங்களிடம் இல்லை. பெட்டியை அளித்தவர்கள் அதைக் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

பள்ளியை அடுத்து ஒரு மலாக்காச் செட்டி குடும்பம் வாழ்ந்தது. அவர்களுக்குத் தெய்வங்களின் பெயர்கள் தமிழ். வீட்டுப் பேச்சு மலாய். வீட்டுக்கார அம்மையாரைத் தெரு முழுவதும் பீபிக், அதாவது அத்தை, என்றழைத்தது. தலைமையாசிரியர் அவரிடம் சென்று நயமாகப் பேசி, அவர் வீட்டுச் சன்னல் வழியாக எங்கள் வகுப்பறைக்கு ஒரு கம்பியை இழுத்துவிட்டார். பீபிக் ஒரே நிபந்தனை விதித்தார்: வானொலி பாடுகையில் அவர் இஸ்திரிப் பெட்டியைச் சொருகமாட்டார், இஸ்திரி போடுகையில் நாங்கள் வானொலியைத் திருகக்கூடாது. இரண்டும் ஒரே நேரத்தில் இழுத்தால் பியூஸ் போய்விடும்.

அவருடைய மகள் என் வகுப்பில்தான் படித்தாள். பத்து வயது. பூசையில் தான் சொல்லும் சொற்களுக்குப் பொருள் தெரியவேண்டுமென்று தானாகவே அடம்பிடித்துத் தமிழ்ப்பள்ளிக்கு வந்தவள். ஒலிபரப்பின் முதல் வாரம் பீபிக் சன்னலருகில் நின்று முழுப் பாடத்தையும் கேட்டுவிட்டு, மலாயில் என்னிடம் வினவினார்: "இந்தப் பெட்டி பேசுறது எனக்குப் புரியல, சேகு. என் மகளுக்கும் புரியலையாம். ஒங்களுக்காவது புரியுதா?" ஆசிரியரை அவர்கள் சேகு என்பார்கள். எனக்கு நன்றாகப் புரிந்தது. என்னைப் போலவே செந்தமிழ் பேசும் ஒருவரை அந்த ஊரில் அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டேன்.

ஆயினும் அந்தப் பெட்டியை நான் வெறுத்தேன். அதன் முறை இது: வானொலி ஆசிரியர் ஒரு வினாவைத் தொடுப்பார், மாணவர் விடையளிப்பதற்காகச் சற்று மௌனம் காப்பார், பிறகு, "மிகச் சரி. அழகாகச் சொன்னீர்கள்" என்று தேன் குழைத்துப் பாராட்டுவார். மௌனத்தின்போது வகுப்பில் என்ன நடந்தாலும் பாராட்டு உறுதி. ஏழு மூன்று எத்தனை என்று கேட்டார். என் மாணவர் பத்து என்றனர், முப்பத்தேழு என்றனர், ஒருவன் வாழைப்பழம் என்றான். அழகாகச் சொன்னீர்கள் என்றார் வானொலி ஆசிரியர். நான் இரண்டாண்டுகளாக அவர்களுடைய விடைகளில் குற்றங்கண்டு திருத்தி, காதைத் திருகி, ஐம்பது முறை எழுதச் செய்து ஈட்டியிராத அன்பை அந்தப் பெட்டி ஒரே திங்களில் ஈட்டிவிட்டது. ஒலிபரப்பு நாளான புதன்கிழமைகளில் வருகைப் பதிவேட்டில் ஒரு பெயரும் விடுபடவில்லை.

ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் அறிக்கைப் படிவம் அனுப்பவேண்டும். பயன் மிகுதி, பயன் நடுத்தரம், பயன் குறைவு என மூன்று கட்டங்கள். பியூஸ் போய்ப் பாடமே கேளாத வாரங்களிலும் தலைமையாசிரியர் முதற்கட்டத்திலேயே கோடிட்டார். கேட்காத பாடத்தின் பயனை எங்ஙனம் அளந்தீர்கள் என்று ஒருமுறை வினவினேன். "கேட்ட பாடத்துக்கு நீங்க எப்படி அளந்தீங்க, தம்பி?" என்றார்.

இவ்வாறிருக்கையில் என் தகுதிகாண் பணி முடியும் காலம் நெருங்கியது. பள்ளி ஆய்வாளர் வந்து என் வகுப்பைப் பார்த்து, நிரந்தரம் என்று ஒரு சொல் எழுதவேண்டும். எழுதினால் ஆசிரியன். எழுதாவிட்டால் ரப்பர்த் தோட்டத்துக்குத் திரும்பவேண்டும். அங்கே என் பெற்றோருடன் பால்மரம் சீவுவதற்கு எனக்கு ஒரு நிரை காத்திருந்தது. பழந்தமிழ் கற்ற கைகள் பால்வாளி தூக்குவதைக் காண அத்தோட்டத்தில் பலருக்கு ஆவலிருந்ததும் எனக்குத் தெரியும்.

ஆய்வாளருக்குச் செய்யுட் பாடமொன்று நடத்திக்காட்ட எண்ணியிருந்தேன். தலைமையாசிரியர் மறுத்தார்.

"நீங்க பாடம் நடத்தினா ஒங்களுக்கு நல்ல பேரு வரும். பெட்டி பாடம் நடத்தினா பள்ளிக்கு ரெண்டாவது பெட்டி வரும். யோசிச்சுப் பாருங்க."

"நான் என்ன செய்வது, ஐயா?"

"பக்கத்தில நில்லுங்க. சிரிச்ச முகமா நில்லுங்க, அது போதும். ஒங்களுக்கு அதுதான் கஷ்டம்."

அந்த வாரத்துப் பாடத்தின் தலைப்பு 'விடியல்'. கையேட்டில், "கதிரவன் எங்கிருந்து எழுகிறான்?" என்ற வினாவுக்கு, "கடலின் மடியிலிருந்து எழுகிறான்" என்ற விடை அச்சாகியிருந்தது. கிழக்கே கடலுள்ள ஊரில் எவரோ எழுதியது. மலாக்காவில் கடல் மேற்கே இருக்கிறது. கதிரவன் நாள்தோறும் தெங்கேராக் கடற்கரைக்கு அப்பால் அதில்தான் மூழ்குகிறான். நான் அந்த வாக்கியத்தை மூன்று முறை படித்தேன். சொல் ஒவ்வொன்றும் தூயதாக இருந்தது. ஓசையும் நன்றாக அமைந்திருந்தது. வெளியே சென்று வானத்தைப் பார்க்கும் எண்ணம் எனக்கு எழவேயில்லை. மாணவர் அனைவரையும் அதை மனப்பாடம் செய்யச் சொன்னேன்.

ஆய்வாளர் புதன்கிழமை வந்தார். வெள்ளைக் காற்சட்டையும் மடியில் கையேடுமாக, பின்னால் நாற்காலியில் அமர்ந்தார். பாடம் தொடங்கியது. நான் சிரித்த முகமாக நின்றேன். முதல் இரண்டு வினாக்களுக்கு மாணவர் அச்சத்தால் வாயே திறக்கவில்லை. "அழகாகச் சொன்னீர்கள்" என்றது பெட்டி. ஆய்வாளர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். மூன்றாவதாக, "கதிரவன் எங்கிருந்து எழுகிறான்?" என்று கேட்டது, கேட்டதோடு ஓய்ந்தது.

மாணவர் பாராட்டுக்காகக் காத்திருந்தனர். சன்னலுக்கு அப்பாலிருந்து பீபிக்கின் குரல் வந்தது: "கோபப்படாதீங்க, சேகு. மேசை விரிப்ப ஒடனே தேச்சுத் தரணும்னு பெரிய சேகுதான் கொண்டுவந்து குடுத்தாரு." ஆய்வாளரின் தேநீருக்கென்று தலைமையாசிரியர் செய்த ஏற்பாடு அது. தலைமையாசிரியரோ அந்நேரம் வகுப்பின் ஓரத்தில் நின்று பால்மாவுக் குழந்தையின் படத்தை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆய்வாளர் எழுந்தார். "பெட்டி போனால் என்ன, நான் கேட்கிறேன். கதிரவன் எங்கிருந்து எழுகிறான்?"

பீபிக்கின் மகள் கை தூக்கினாள்.

"ஸ்கூலுக்குப் பின்னாலேருந்து, சார். எங்க கோழிக்கூட்டுப் பக்கமா."

"கடல் என்ன ஆயிற்று?"

"கடல்லேருந்து வராது சார், கடல்ல விழும். சாயங்காலம் அப்பாவோட தெங்கேராவுக்கு மீன் வாங்கப் போவேன். தெனமும் விழும்."

சிலர் சிரித்தனர். ஆய்வாளர் கையேட்டைப் புரட்டினார், விரலை ஓரிடத்தில் வைத்தார், என்னை நோக்கினார். "இங்கே கடல் என்று போட்டிருக்கிறதே. ஆசிரியர் என்ன சொல்கிறீர்?"

அவர் மலாக்காவில் ஓர் இரவு தங்கியவர். கடல் எப்பக்கம் என்பதை அறியாமலிருந்திருக்கலாம். அறிந்தே என்னைச் சோதித்திருக்கவும் கூடும். அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. பால்வாளியை எண்ணினேன். அந்தச் சிறுமி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஐயமே இல்லை. தமிழ் உச்சரிப்பில் அவளை எத்தனையோ முறை திருத்தியவன் நான். இம்முறை திருத்துவதற்கு எதுவும் இல்லையென்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"நூலில் உள்ளதே சரி, ஐயா" என்றேன்.

ஆய்வாளர் குறித்துக்கொண்டார். சிறுமி தூக்கிய கையை மெல்ல இறக்கிக்கொண்டாள். பிறகு, நான் கற்பித்த உச்சரிப்பு சிறிதும் பிசகாமல், "கடலின் மடியிலிருந்து எழுகிறான்" என்றாள். ஆய்வாளர் மகிழ்ந்தார். சற்று நேரத்தில் தேய்த்த விரிப்பும் வந்தது, தேநீர் அருந்தினோம்.

இரண்டு திங்கள் கழித்து ஆணை வந்தது. பணி நிரந்தரமாயிற்று. கற்பித்தல் துணைக்கருவிகளை மனமார ஏற்றுக்கொள்ளும் ஆசிரியர் என்று அதில் பாராட்டியிருந்தார்கள். தலைமையாசிரியர் அதை உரக்கப் படித்துக்காட்டி, இரண்டாவது பெட்டி குறித்து அதில் ஒன்றுமில்லையே என்று தாளின் பின்புறத்தையும் பார்த்தார். நான் ஆசிரியனானேன், முப்பதாண்டுகள் அப்படியே இருந்தேன்.

பீபிக்கின் மகள் அந்த ஆண்டு முழுவதும் என் வகுப்பில் இருந்தாள். நன்றாகவே படித்தாள், தேர்வில் முதலாவதாகவும் வந்தாள். ஆனால் அந்தப் புதன்கிழமைக்குப் பின் நான் எதைக் கேட்டாலும், வெளியே மழை பெய்கிறதா என்று கேட்டாலும்கூட, விடை சொல்லுமுன் என்னிடமே திருப்பிக் கேட்பாள். "புத்தகத்தில என்ன போட்டிருக்கு, சேகு?"

குரலில் ஏளனம் இருந்ததா என்று பலமுறை உற்றுக்கேட்டேன். இல்லை. மிகுந்த பணிவோடுதான் கேட்டாள்.