காலியாக விட்ட கட்டம்

அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். பென்சிலில் போட்ட மார்க்குகள். மேடத்தின் பக்கம் கடைசிக் கட்டம் மட்டும் காலி.

விழுப்புரம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் எங்கள் மென்பொருள் அலுவலகம். சோதித்துப் பார்க்கும் வேலை மேடத்துடையது. எல்லோருக்கும் அவர் மேடம்தான். அப்போது திண்டிவனத்தில் ஒரு மருத்துவமனைக்கு வேலை செய்துகொண்டிருந்தோம். தடுப்பூசி வைக்கும் பிரிட்ஜ் சூடேறினால் நர்ஸின் போனுக்கு அழைப்பு போக வேண்டும். அழைப்பு அனுப்பும் பகுதியை நாங்களே எழுத நேரமில்லை. ரெடிமேடாகக் கிடைத்த மூன்றில் ஒன்றை எடுப்பதாக முடிவு. நானும் மேடமும் தனித்தனியே பத்துக்கு மார்க் போட்டு, சராசரியில் முந்துவதை எடுப்பது வழக்கம்.

மூன்றாவதற்கு நான் ஒன்பது போட்டேன். மேடம் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நாப்பது வாட்டி பார்த்தேன் சார். ரெண்டு வாட்டி கால் வரல. நெட்வொர்க்கா, இதுவான்னு புரியல. தெரியாததுக்கு நான் இன்னா மார்க் போடறது?"

ஏதாவது போடுங்கள் என்றேன். "அது எப்படிங்க சார்?" என்று அப்படியே விட்டுவிட்டார்.

மார்க்குகளைக் கணினியில் ஏற்றியபோது, காலிக் கட்டத்தைச் சேர்க்காமலே அது சராசரி போட்டது. என் ஒன்பது ஒன்பதாகவே நின்று, மூன்றாவது முதலிடத்துக்கு வந்தது. மேடத்தின் சந்தேகம் கணக்கிலேயே ஏறவில்லை. அதைப் பார்த்தும் அறிக்கையை அப்படியே மருத்துவமனைக்கு அனுப்பினேன். அவசரம்தான், வேறென்ன சொல்ல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கரண்ட் போய், தடுப்பூசியெல்லாம் வீணானது. அழைப்பு வரவேயில்லை என்றார் நர்ஸ். அழைப்பு போனதாக எங்கள் மென்பொருளின் பதிவு சொன்னது. ஒன்பது மார்க் வாங்கியது தப்புப் பண்ணாது என்று மருத்துவமனையில் நர்ஸை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தப்பு அந்தப் பகுதியிலா, போனிலா? மேடம் நாள் முழுக்க மறுபடி சோதித்தார்.

"இப்பவும் தெரியல சார். தெரியலன்றதையாவது போய் சொல்லிட்டு வாங்க."

நான் போகவில்லை. மேடமே திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினார். அறிக்கையில் இதற்கு உங்கள் மார்க்கே இல்லையே, நீங்கள் யார் என்று கேட்டார்களாம்.

அந்த நர்ஸ் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது. அந்தப் பகுதி நல்லதா, கெட்டதா என்று இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். இன்று காலையில் தாளை எடுத்து என் ஒன்பதை ரப்பரால் அழித்தேன். இப்போது இரண்டு கட்டமும் காலி. அந்த நர்ஸுக்கு இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.