மாதிரிக்கு வைத்த பொட்டு

போன வாரம் என் ஆட்காட்டி விரல்தான் ஒரு கோழிக்குஞ்சுப் பெட்டிக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தது. நம்புவீர்களா? நானே நம்பவில்லை.

ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டை விட்டபின், ஈப்போவில் ஒரு சின்னப் பட்டறையில் கூட்டிப் பெருக்கித் தேத்தண்ணி போடுகிறேன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். முதலாளி ராமநாதன் தம்பி. செட்டிநாட்டுக் குடும்பம். அப்பாவின் கடையில் உட்காராமல் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு வந்தவர். குஞ்சு பொரிக்கும் பெட்டிக்குச் சூடு பார்க்கும் போர்டு செய்கிறார். எங்கள் தோட்டத்துப் பெண்கள் நான்கு பேர் ஈயம் உருக்கிப் பற்றவைக்கிறார்கள்.

கோப்பெங்கில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் சீன முதலாளி, எங்கள் வாயில் தவுக்கே, இருபது போர்டு கேட்டிருந்தார். சனிக்கிழமைக்குள். "இதுவும் தவறினால் பட்டறையைப் பூட்டிவிட்டுக் கடைக்கு வா" என்று தம்பியின் அப்பா சொல்லிவிட்டார். பூட்டினால், நான்கு பெண்களும் மறுபடி பால்வாளி தூக்க வேண்டியதுதான்.

இருபதும் தயார். கரண்ட் கொடுத்தால்... ஒன்றில்கூடப் பச்சை விளக்கு எரியவில்லை!

போர்டின் நடுவில் மூளை மாதிரி ஒரு சிப். பக்கத்தில் கிரிஸ்டல் என்று புளியங்கொட்டை அளவில் ஒரு வெள்ளி டப்பி. அது துடித்தால்தான் மூளை வேலை செய்யுமாம். துடிக்கிறதா என்று பார்க்க, டிவி மாதிரி ஒரு மெஷினின் ஊசியைக் கிரிஸ்டலின் காலில் வைத்தார் தம்பி. உடனே விளக்கு எரிந்தது. ஊசியை எடுத்தார் — அணைந்தது. வைத்தார் — எரிந்தது. எடுத்தார் — போச்சு.

"அலாமா... நான் பாக்கிறப்ப மட்டும் நல்லா இருக்கே!"

நம் பிள்ளைகளின் காய்ச்சலும் அப்படித்தானே? வீட்டில் கொதிக்கும். பத்து காஜா ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சிரித்துக்கொண்டு ஓடும்.

கிரிஸ்டலை மாற்றினார். சிப்பை மாற்றினார். ஒன்றும் ஆகவில்லை. நான் மேசையைத் துடைக்கும்போது என் விரல் ஒரு போர்டில் பட்டுவிட்டது. விளக்கு எரிந்தது.

"அம்மா, கைய எடுக்காதீங்க!"

எடுக்கவில்லை. மற்ற பாகங்களையாவது சோதித்துவிடலாம் என்று தம்பி குனிந்து பார்க்க, நான் உட்கார்ந்திருந்தேன். வலது விரல் மரத்துப்போனால் இடது விரல். இரண்டும் ஷிப்ட் மாறிக்கொண்டன.

சுவரில் ஒரு மாதிரி போர்டு மாட்டியிருக்கும். தம்பி தன் கையால் செய்த முதல் போர்டு. பெண்களுக்குத் தம்பி வரையும் படமெல்லாம் புரியாது. மாதிரியைப் பார்த்து அப்படியே செய்வார்கள். ஆயுத பூசையன்று அதற்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தவள் நான்தான். முதல் பொருள் அல்லவா? தாராளமாகவே அப்பினேன். அன்றிலிருந்து அதை யாரும் தொடுவதில்லை, கும்பிடுவதோடு சரி. இந்த இருபது போர்டும் அதன் பிறகு செய்தவை.

தம்பி அந்த மாதிரியை இறக்கிக் கரண்ட் கொடுத்தார். யார் விரலும் இல்லாமல் ஜம்மென்று எரிந்தது.

"ரெண்டும் ஒண்ணுபோலதானே இருக்கு! இதுல இருக்கிற எது அதுல இல்ல?"

"சந்தனம் இல்ல," என்றாள் சரோஜா. நால்வரில் அவளுக்குத்தான் வாய் நீளம்.

எல்லோரும் சிரித்தோம். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. தம்பி என் பக்கம் திரும்பினார்.

"அம்மா... சந்தனம் மிச்சம் இருக்கா?"

எலெக்ட்ரானிக்ஸ் படித்த மனிதர்!

சனிக்கிழமை காலை, இருபது போர்டுக்கும் கிரிஸ்டலை ஒட்டிச் சந்தனம் குழைத்து வைத்தேன். இருபதும் எரிந்தன! சரோஜா குலவையே போட்டுவிட்டாள்.

தவுக்கே வந்தார். வேர்த்து வழிந்தார். பாவமே என்று நான் ஃபேனைப் போட்டேன். அதுதான் வினை. காற்றில் சந்தனம் காயக் காய... ஒரு விளக்கு அணைந்தது. அப்புறம் இரண்டு. அப்புறம் ஐந்தாறு. கடைசி விளக்கை மட்டும் நான் பாய்ந்து விரல் வைத்துக் காப்பாற்றினேன்.

தவுக்கே என் விரலைப் பார்த்தார். தோட்டத்தில் பழகிய தமிழ் அவருக்கு வரும்.

"ஒரு பெட்டிக்கி ஒரு அம்மா கா? அப்போ எனக்கு இருவது அம்மா குடுலா!"

தம்பி வாயைத் திறப்பதற்குள் அவர் வாசலில் இருந்தார். "நான் கோப்பெங் போறேன். நீங்க எல்லாம் தஞ்சோங் ரம்புத்தான் போங்க." அங்கேதான் பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருக்கிறது.

தம்பி நாற்காலியில் சாய்ந்துவிட்டார். பெண்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அப்போதுதான் என் விரலுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. பூசையன்று மாதிரியில் சந்தனம் தடவும்போது, பருப்பு மாதிரி ஏதோ இரண்டு தட்டுப்பட்டன. சந்தனம் சரியாகக் குழையவில்லை போல என்று, இன்னும் கொஞ்சம் அப்பி மூடினேனே...

சொல்ல வேண்டும். ஆனால் ஆண்கள் முன்னால் சத்தமாகப் பேசிப் பழக்கமில்லை, தப்பும் என்னுடையது. பேசாமல் ஈரத்துணியை எடுத்து மாதிரியைத் துடைக்கத் தொடங்கினேன்.

"ஐயோ பெரியம்மா! பூசையில வெச்ச பொட்ட அழிக்கிறீங்களே!" சரோஜா அலறினாள்.

பொட்டுக்கு அடியில், கிரிஸ்டலின் இரண்டு பக்கமும், துவரம்பருப்பு அளவில் பழுப்பாக ஒவ்வொரு வில்லை. மற்ற இருபது போர்டிலும் அந்த இடத்தில் வெறும் ஓட்டை! அடுத்த மாடலுக்கென்று விட்ட ஓட்டைகள் வேறு நிறைய இருந்ததால் யார் கண்ணையும் அது உறுத்தவில்லை.

"கெப்பாசிட்டர்!" தம்பி தலையில் அடித்துக்கொண்டார். அந்த இரண்டும் இருந்தால்தான் கிரிஸ்டல் ஒழுங்காகத் துடிக்குமாம். ஊசி, என் விரல், ஈரச் சந்தனம் — மூன்றும் அதற்குப் பதிலாள் வேலை பார்த்திருக்கின்றன.

"நாந்தான் தம்பி மூடினேன்." எனக்கே கேட்காத குரல்.

"நீங்க மூடுனீங்க. படிச்ச நான் ஏம்மா தெறந்து பாக்கல?"

அதற்குள் சரோஜா தெருவில் இறங்கி, புறப்படவிருந்த லோரிக்கு முன்னால் நின்றுவிட்டாள். "தவுக்கே, ரெண்டு மணி நேரம் லா! உள்ள வந்து கோப்பி குடிங்க!"

ஆளுக்குப் பத்து வில்லை. நான்கு பெண்களும் தலை நிமிரவில்லை. இரண்டு மணி நேரத்தில் இருபதும் எரிந்தன — விரல் இல்லாமல், சந்தனம் இல்லாமல், ஃபேன் காற்றிலும். ஒவ்வொன்றையும் தகரப் பெட்டியில் வைத்து மூடினோம். இனி பட்டறைக்குப் பூட்டு விழாது.

ஆனால் தவுக்கே பெட்டியைத் தூக்கவில்லை.

"பொட்டு எங்கே?"

தம்பி கெப்பாசிட்டரைப் பற்றி விளக்கினார். படம்கூட வரைந்து காட்டினார். தவுக்கே பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "காலையில பொட்டு ஈரம், லைட் இருந்திச்சு. பொட்டு காஞ்சிச்சு, லைட் செத்திச்சு. என் கண்ணால பாத்தேன்லா. பொட்டு இல்லாம லோரியில ஏத்த மாட்டேன்."

தம்பி என்னைப் பார்த்தார். நான் சந்தனக் கிண்ணத்தை எடுத்தேன்.

இருபது பெட்டிக்கும் வைத்தேன் — மூடிக்கு மேலே!