முதற் சீட்டில் வந்த மச்சாள்

மச்சாள் சரிவரமாட்டாள் என்று நான் தீர்ப்புச் சொன்னபோது அவள் இன்னும் பந்தைக் கையால் தொடவேயில்லை. மற்றவர்களுக்குத்தான் அந்தத் தீர்ப்புக்கு வர நாள் பிடித்தது.

சண்டை ஓய்ந்து, பாதை திறந்து, யாழ்ப்பாணத்துக்கும் எங்களுக்கும் போக்குவரத்து நடந்த காலம். அம்மாவின் அண்ணர், எங்கள் மாமா, மாமியை வைத்தியத்துக்காகக் கொழும்புக்குக் கூட்டிப் போகவேண்டியிருந்தது. திரும்பி வரும்வரை தங்கள் ஒரே மகளைத் தர்மபுரத்தில் எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது, மச்சாளுக்குப் பதினாலு. நெட்டையென்றால் நெட்டை, எங்கள் குசினி வாசலில் குனிந்துதான் வருவாள். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து அணிக்கு வளையத்தில் பந்து போடுகிறவள் அவள்தான் என்று மாமா போகிற போக்கில் ஒரு சொல் சொன்னார். எங்களோடு இருந்த சித்தப்பாவுக்கு அது போதும். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவருக்கு அவல் கிடைத்தது. மச்சாள் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே அவளுடைய புகழ் போய்ச் சேர்ந்துவிட்டது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுக்கு மூன்று இல்லங்கள் இருந்தன. வருஷத் தொடக்கத்தில் புதிதாக வந்த பிள்ளைகளை வரிசையில் நிறுத்திவைத்து இல்லத் தலைவிகள் சீட்டு எடுப்பார்கள். முதற் சீட்டு விழுந்த இல்லம் முதலில் தனக்கு வேண்டிய பிள்ளையைத் தெரிவு செய்யலாம். அந்த வருஷம் நீல இல்லத்துக்குத் தலைவி என் அக்கா. முதற் சீட்டும் அவளுக்கே விழுந்தது. வரிசையில் முரசுமோட்டையிலிருந்து வந்து சேர்ந்த ஒரு ஒல்லிப் பிள்ளையும் வெருண்டுபோய் நின்றாள். அக்கா அந்தப் பக்கம் திரும்பவுமில்லை. மச்சாளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து எங்களோடு நிறுத்தினாள். முரசுமோட்டைப் பிள்ளையைச் சிவப்பு இல்லம் எடுத்தது.

முந்தின வருஷம் நீல இல்லத்துக்கு வளையத்தில் பந்து போட்டவள் நான். அந்த இடத்தை மச்சாளுக்குக் கொடுக்கும்போது என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.

“நீ இனி வெளியில இரு. ஆரும் விழுந்தால் இறங்கலாம்” என்றாள் அக்கா. கூடப் பிறந்த அக்கா.

வீட்டிலும் அதே கதைதான். முட்டையிட்டுக்கொண்டிருந்தது ஒரேயொரு கோழி. அந்த முட்டையை அடித்து, அம்மா விடிய வெள்ளன மச்சாளுக்கு முட்டைக்கோப்பி போட்டுக் கொடுப்பா.

“நானும் விளையாடுறனான்தானே அம்மா?”

“உனக்குப் பிறகு தாறன். அவள் வந்த பிள்ளை.”

அந்தப் ‘பிறகு’ வரவேயில்லை. நான் கத்தி ஊரைக் கூட்டினேன். மச்சாள் ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தானே கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். அந்த நல்ல பிள்ளைத்தனத்தைப் பார்க்க எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

முதல் போட்டி மஞ்சள் இல்லத்தோடு. மச்சாள் வளையத்துக்கு முன்னால் நின்று, முழங்காலை மெல்ல மடித்து, தலைக்கு மேலே கையை உயர்த்தி எறிந்தாள். பார்க்க வடிவாகத்தான் இருந்தது, அதையும் சொல்லவேண்டும். பந்து வளையத்துக்கு மேலால் போய் அந்தப் பக்கம் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்தது வேலியைத் தாண்டிப் போக, அங்கே படுத்திருந்த மாடு திடுக்கிட்டு எழும்பியது. என் நெஞ்சு குளிர்ந்தது. வாயால் மட்டும் “ஐயோ” என்று சொல்லிவைத்தேன்.

இரண்டாவது போட்டியிலும் இதே கூத்து நடந்தபிறகு, எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு வேறு கதை இல்லாமல் போனது. மச்சாள் குசினிக்குள் அம்மாவுக்கு உதவி செய்துகொண்டிருக்கும் நேரம் பார்த்துக் குரலைத் தாழ்த்திக் கதைப்பார்கள். புது இடத்துத் தண்ணீர் ஒத்துக்கொள்ள வேண்டாமா என்றார் அப்பா. சித்தப்பாவோ அந்த முறை வவுனியாவிலிருந்து புது விதைநெல் கொண்டுவந்து விதைத்து, அது பாதியும் மணி பிடிக்காமல் சப்பியாகிப்போய், ஊராரின் பகிடியைத் தாங்கிக்கொண்டிருந்தவர். மச்சாளுக்குப் பரிந்து பேசுவது அவருக்குத் தன் நெல்லுக்குப் பரிந்து பேசுவதுபோல.

“ஒரு போகத்தோட நெல்லைக் குறை சொல்லக்கூடாது. காலபோகமும் பாக்கோணும், சிறுபோகமும் பாக்கோணும். பிறகுதான் கதை.”

“வலைப்பந்துக்குச் சிறுபோகம் எப்ப வரும் சித்தப்பா?” என்று கேட்டேன்.

“உனக்கு வாய் கூடிப்போச்சு” என்றார்.

அக்காவின் பாடுதான் பெரும்பாடு. “கை படிஞ்சு வருகுது” என்று அவள் தினமும் சொன்னாள். மச்சாளில் உள்ள அன்பால் சொல்லவில்லை, முதற் சீட்டை வீணாக்கியவள் என்ற பேர் வந்துவிடுமே என்ற பயத்தில் சொன்னாள். முரசுமோட்டைப் பிள்ளை அதற்குள் ஓடிய ஓட்டமெல்லாம் வென்றிருந்தாள். சிவப்பு இல்லத்துப் பிள்ளைகள் அக்காவைக் காணும்போதெல்லாம் “நல்ல ஆளாப் பாத்து எங்களுக்கு விட்டுத் தந்தீங்கள் அக்கா” என்று நன்றி சொன்னார்கள். அக்கா வீட்டுக்கு வந்து அழுதாள். அடுத்த போட்டியில் மச்சாளை வெளியில் இருத்திவிட்டு என்னை இறக்கினாள்.

நான் போட்டதெல்லாம் விழுந்தது. நீல இல்லம் வென்றது. எல்லாரும் என்னைத் தூக்கிச் சுற்றியபோது நான் தேடியது மச்சாளின் முகத்தைத்தான். அவளும் கை தட்டிக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று பார்த்திருந்த எனக்கு அது பெரிய ஏமாற்றம்.

பிறகு பள்ளிக்கூட அணியாகக் கிளிநொச்சிக்குப் போனோம். வளையத்துக்கு நான். மச்சாளை, உயரம் இருக்கிறதே என்பதற்காக மேலதிகமாகக் கூட்டிக்கொண்டு வந்தார் விளையாட்டு ரீச்சர். உழவு இயந்திரப் பெட்டியில் பாட்டும் கூத்துமாகப் போய் இறங்கினோம். போட்டி தொடங்கி, நான் எறிந்த முதற் பந்து வளையத்தைத் தொடாமலே கீழே விழுந்தது. இன்னும் உன்னி எறிந்தேன், அதுவும் போய்ச் சேரவில்லை. பந்துக்குக் காற்றுக் கூடவோ, என் கையில்தான் ஏதாவது பிழையோ என்று விளங்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். இடைவேளையில் ரீச்சர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

மச்சாள் இறங்கினாள். அதே முழங்கால், அதே கை. பந்து வளையத்துக்குள் விழுந்தது. மறுபடி விழுந்தது. வளையத்தின் இரும்பில்கூட முட்டாமல் விழுந்தது. நாங்கள் தோற்றுத்தான் போனோம், ஆனால் எதிரணிப் பிள்ளைகளே வந்து அவளுடைய கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள்.

ரீச்சர் அந்தக் கம்பத்தடியில் போய் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து எங்கள் மைதானத்துக் கம்பத்தை அளந்தபோது அது ஒரு அடிக்கு மேல் குட்டையாக இருந்தது. கம்பத்தில் பிழையில்லை. மாரிக்கு வாய்க்கால் உடைப்பெடுத்து மைதானத்தில் வெள்ளம் நிற்கும். ஒவ்வொரு மாரிக்குப் பிறகும் ஊர் கூடிக் கிறவல் மண் கொண்டுவந்து பறித்து நிலத்தை உயர்த்தும். கம்பத்தை உயர்த்த ஒருவருக்கும் தோன்றவில்லை. நாங்கள் எல்லாரும் அந்தக் குட்டைக் கம்பத்தில் எறிந்து பழகிய ஊர்ச் சூரர்கள்.

அன்று பின்னேரம் அக்கா மச்சாளைப் பிடித்துக்கொண்டாள்.

“உனக்கு இது தெரியுமோ?”

“ஓம். முதல் நாளே தெரியும். பழகின கை, குறைச்சு எறிய வருகுதில்லை.”

“பின்னை ஏனடி சொல்லேல்லை? ஊரெல்லாம் உன்னைப் பழிச்சுக்கொண்டு திரிஞ்சுதே!”

மச்சாள் நிலத்தைப் பார்த்தாள். “வந்த இடத்தில நிண்டுகொண்டு உங்கட கம்பம் சரியில்லையெண்டு எப்பிடி அக்கா சொல்லுறது?”

சித்தப்பா “பாத்தியளோ, ரெண்டாம் போகம்!” என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். எனக்கோ, கள்ளி, இப்படியொரு நாள் வரட்டும் என்றுதான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள் என்று பட்டது. அம்மாவிடமும் சொன்னேன். அம்மா என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டா.

மாமி சுகமாகி வந்ததும் மாமா வந்து மச்சாளைக் கூட்டிப் போனார். அடுத்த நாள் விடிய அம்மா முட்டைக்கோப்பியை என் முன்னால் வைத்தா. ஒரே முட்டை வெடுக்கு நாற்றம். ஒரு மிடறு குடித்துவிட்டு மிச்சத்தை முற்றத்தில் ஊற்றி, ஏச்சும் வாங்கினேன். இதை அவள் எப்படிக் குடித்தாள் என்று கொஞ்ச நேரம் யோசித்து, யாழ்ப்பாணத்தாருக்கு இது பிடிக்கும்போல என்று முடிவெடுத்தேன்.

பிறகு வந்த சண்டையெல்லாம் முடிந்து நாங்கள் முகாமிலிருந்து வெளியே வந்தபோது எனக்குப் பதினேழு. போக வீடில்லை. அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை, வவுனியாவிலிருந்த சின்னம்மா, எங்களைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்தா. தங்கமான மனுசி. எங்களுக்குத் தந்த அறைச் சுவரோடு ஒரு அரைக்கிற மில் இரவிரவாக இரைந்துகொண்டிருந்தது.

“நித்திரை வந்ததோ பிள்ளை?” என்று காலையில் கேட்பா.

“ஓம் சின்னம்மா, நல்லாக் கொண்டனான்.”

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சின்னம்மாவின் சின்ன மகள், “இண்டைக்கும் புட்டோ? எனக்கு வேண்டாம்” என்று சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டாள். சின்னம்மா ஏசிக்கொண்டே அவளுக்கு ரொட்டி சுட எழும்பினா. என் கோப்பையிலும் அதே புட்டுத்தான். நான் குனிந்து கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டேன். அந்தப் பிள்ளையைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. என் வயதுக்கு, ஒரு ஒன்பது வயதுப் பிள்ளையைப் பார்த்து அப்படிப் பொறாமைப்பட்டது எனக்கே வெட்கமாக இருந்தது.

மச்சாள் எங்கள் வீட்டில் இருந்த காலம் முழுக்க நான் அவளைப் பார்த்துப் பொருமிக்கொண்டே இருந்தேன். அவளும் என்னைப் பார்த்துப் பொருமியிருக்கக்கூடும் என்பது அந்தப் பன்னிரண்டு வயதில் எனக்கு எட்டவேயில்லை.