எந்த சிமெண்ட்?

ஏழுமலை அண்ணன் எங்க டிரில்லர். நான் ஹெல்பர். வடக்குத்துப் பக்கம் ஒரு முந்திரித் தோப்புல துளை போடற ரிக்கை நிறுத்தியிருந்தோம். நிலக்கரியெல்லாம் தாண்டி ரொம்பக் கீழே சுண்ணாம்புக்கல்லு. அதை உருளை உருளையா அறுத்து மேலே எடுக்கணும். அதுக்குப் பேரு கோர்.

ஜியாலஜிஸ்ட் மேடம் கோரைப் பார்த்துட்டு ஆபீசுக்கு போன்ல சொன்னாங்க. "சார், கல்லுல ஓட்டையே இல்ல. முழுக்க சிமெண்ட் அடைச்சிருக்கு."

அண்ணன் காதுல விழுந்துடுச்சு. மூஞ்சி செத்துப்போச்சு.

காரணம் இருக்கு. துளை சரிஞ்சு விழாம இருக்க இரும்பு பைப் இறக்குவோம். கேசிங். அதைச் சுத்தி சிமெண்ட் கரைச்சு ஊத்துவோம். முந்தின வாரம் ஊத்துனது அண்ணன்தான். அது ஒழுகி கல்லைக் கெடுத்திருந்தா துளை ரிஜெக்ட். எங்க கேங் வூட்டுக்கு. எல்லாரும் கான்ட்ராக்ட். கேக்க ஆள் கிடையாது.

"நான் ஊத்துனது அவ்ளோ ஆழம் எப்படிடா போவும்?"

"நீ தாராளமா ஊத்துவியேண்ணே."

அடிக்க வந்தாரு.

அப்புறம் கலவை டிரம்முல ஒட்டிக்கினு இருந்த சிமெண்டை உளியால பேத்தாரு. ஒரு கட்டியைத் தூக்கிக்கினு போயி மேடம் முன்னாடி டொக்குன்னு வச்சாரு.

"இதுதாங்க என் சிமெண்ட். சாம்பல் கலரு. கல்லுல இருக்கறது என்னுது இல்லீங்க."

"உங்க சிமெண்டை யாரு கேட்டாங்க?"

"போன்ல சொன்னீங்களே மேடம்."

அவங்க சிரிச்ச சிரிப்புல முந்திரி பொறுக்கிக்கினு இருந்தவங்க திரும்பிப் பார்த்தாங்க. லென்ஸைக் குடுத்து கோரைக் காட்டினாங்க. கல்லுக்குள்ள ஒரு நத்தை ஓடு. வெறுமையா இருக்க வேண்டிய வயிறு பூரா வெள்ளையா, கற்கண்டு மாதிரி மினுக்குது.

"இதையும் நாங்க சிமெண்ட்னுதான் சொல்லுவோம். மேல இருக்கற பாரம் அழுத்துது. துகளும் துகளும் முட்டற இடத்துல சுண்ணாம்பு தண்ணியில கரையுது. அந்தத் தண்ணி பக்கத்துச் சந்துக்குப் போகுது. அங்க சுண்ணாம்பு மறுபடி படிஞ்சு கெட்டியாயிடுது."

"மேஸ்திரி இல்லாமயா?"

"இல்லாமதான்."

"செட் ஆவ எவ்ளோ நேரம் மேடம்?"

"லட்சக்கணக்கான வருஷம்."

அண்ணன் கண்ணுலேருந்து லென்ஸை எடுக்கவே இல்ல.

எங்க கேங்குல ஒருத்தன் பயந்துக்கினு சூப்பர்வைசருக்கு போன் போட்டுட்டான். அவரு பைக்கை நிறுத்தறதுக்குள்ளயே கத்தினாரு.

"யாருய்யா சிமெண்டை உள்ள வுட்டது? இன்னிக்கே ஆளை மாத்தறேன்."

"பூமி சார். அதை மாத்துங்க"ன்னாரு அண்ணன்.

மேடம் விளக்கிச் சொன்னாங்க. துளை தப்புச்சு. நாங்களும் தப்புனோம். சூப்பர்வைசருக்கு இறங்கி வர மனசு இல்ல.

"சரி, சரி. அடுத்த கேசிங்குக்கு சிமெண்ட் ஊத்துன ஒரு மணி நேரத்துல டிரில் ஓடணும்."

"சிமெண்ட் செட் ஆவ பூமிக்கு அவ்ளோ வருஷம் குடுத்திருக்காங்க சார். எனக்கு மறுநாள் காலை வரைக்கும் குடுங்க."

"குடுங்க சார்"னாங்க மேடம். குடுத்தாரு.

ரிக்குக்குப் புதுசா வர்றவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். ஆபீஸ்காரங்க வாயில நம்ம வார்த்தை வந்தா, அது நம்ம வார்த்தைதானான்னு அங்கயே கேட்டுடுங்க. சிரிப்பாங்க. சிரிக்கட்டும். வேலை இருக்கும்.