மாற்றாத தலைப்பு

மலேசியாவில், காம்பார் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆராய்ச்சிக்குச் சேர்ந்த முதல் ஆண்டிலேயே என் தலைப்பை மாற்றச் சொன்னார் மேற்பார்வையாளர். அக்கறையோடுதான் சொன்னார். அதனாலேயே கோபம் கூடுதலாக வந்தது.

"இது நம்ம கம்ப்யூட்டர்ல ஓடாதுமா. டேட்டா பக்கம் போ. ஜெலாப்பாங் ஃபேக்டரியிலயே வேலை கெடைக்கும் லா."

"அங்க எங்கம்மா வேலை செய்றாங்க, டாக்டர். வீட்டுக்கு ஒருத்தர் போதும்."

நான் எடுத்திருந்தது வரிசையாக நிற்கும், அணு அளவிலான நுண்காந்தங்களின் குவாண்டம் கணக்கு. ஒரு காந்தத்தைச் சேர்த்தால் எழுத வேண்டிய எண்கள் இரட்டிப்பாகும். நூறு சேர்ந்தால் உலகத்தின் எந்தக் கணினியும் தாங்காது. அதுவரை அவர் சொன்னது சரி. ஆனால் ஆற்றல் குறைந்த நிலையில் ஒரு காந்தத்துக்கு நெருக்கமான பிணைப்பு பக்கத்தில் இருப்பவற்றோடுதான். ஆகவே ஒரே பூதாகரமான அட்டவணைக்குப் பதில் காந்தத்துக்கு ஒரு சிறிய அட்டவணை கொடுத்து, அடுத்தடுத்ததை இணைத்து, இணைப்பில் வலுவானதை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம். டென்சர் நெட்வொர்க் என்பது அதுதான்.

பத்து காஜா என்ற எங்கள் ஊரில், வீட்டிலும் அவர் பக்கம்தான் பேசினார்கள்.

"டாக்டரு சொன்னா கேளு," என்றார் அம்மா.

"யூனியன்ல சேராதன்னு ஃபேக்டரி சூப்பர்வைசர் சொன்னப்ப நீங்க கேட்டீங்களாம்மா?"

அம்மா என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோற்றை வைத்தார்.

ஆய்வுக் குழுவின் முன்னால் பழைய தலைப்போடே போய் நின்றேன். மேற்பார்வையாளரின் முகம் இறுகியது. என் பழைய மடிக்கணினியில், விடை ஏற்கெனவே தெரிந்த ஒரு குட்டி வரிசையை முதலில் ஓட்டினேன். விடை பொருந்தியது. பிறகு நூறு காந்தங்கள். விசிறி இரைந்தது. குழுவினர் தங்களுக்குள் பேசிக்கொண்டிருக்கும்போதே விடை திரையில் வந்துவிட்டது.

வெளியிலிருந்து வந்த பேராசிரியை ஒருவர், வரிசையாக இல்லாமல் பாய் போல் விரித்தால் என்ன ஆகும் என்று கேட்டார்.

"அங்கே தோற்றுவிட்டேன்," என்றேன். "பிணைப்புகள் பெருகிவிடுகின்றன. எவ்வளவு பெரிதானால் இந்த முறை உடைகிறது என்று தெரியும். அங்கிருந்துதான் தொடரப் போகிறேன்."

தொடர விட்டார்கள்.

வெளியே வராந்தாவில் மேற்பார்வையாளர் என்னை நிறுத்தினார்.

"இது ஓடுதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ல வந்தேன், டாக்டர். நீங்க தலைப்ப மாத்திட்டு வான்னு சொன்னீங்க."

"அந்த ப்ரோக்ராம எனக்கும் அனுப்பு," என்றார்.

அனுப்பினேன். அடுத்த வாரமே அதில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தார். திருத்தினோம்; வேகம் கூடியது. ஆய்வேடு அதே தலைப்பில் வெளிவந்தது. பாய் இன்னும் பெரிதாக விரியவில்லை. முனைவர் பட்டத்துக்கும் அதையே எடுத்திருக்கிறேன். இந்த முறை யாரிடமும் அனுமதி கேட்கிற குரலில் பேசவில்லை.