விளிம்பு வரை தேநீர்

நாரின் என்ற மலை மாவட்டத்தின் செய்தித்தாளில் ஒன்பது வருடமாகக் கேலிச்சித்திரம் வரைகிறாள் சைக்கல். பகலில் தபால் நிலைய வேலை, மாலையில் சமையலறை மேசையில் படம். இன்னொருவர் வரைவதைப் பக்கத்திலிருந்து அவள் பார்த்ததே இல்லை. எல்லை தாண்டி அல்மாத்தி நகரில் நடந்த கேலிச்சித்திரப் பட்டறைக்கு வந்தவள், முதல் நாள் முழுக்க மற்றவர்களின் கைகளையே வாய் பிளந்து பார்த்தாள்.

கடைசி நாள், மூன்று பேருக்கு ஒரே தாள், நான்கு கட்டம். நேராக மையில் வரைய வேண்டும். நான்கு மணிக்குச் சுவரில் மாட்டுவார்கள். சைக்கலோடு அல்மாத்திக்காரர் எர்பொலாத்தும், துஷான்பேயிலிருந்து வந்த பர்வோனாவும்.

சம்பந்தி குதிரையில் வந்து இறங்குவதை எர்பொலாத் வரைந்தார். அவரை உட்கார வைத்து உபசரிக்கும் கட்டம் சைக்கலுக்கு. தேநீரின் மினுமினுப்பைக் காட்டும் ஆசையில் அவள் கை நிற்கவில்லை. கிண்ணம் விளிம்பு வரை நிரம்பிவிட்டது.

பர்வோனா எட்டிப் பார்த்தாள். “அய்யோ அக்கா! அரைக் கிண்ணம் ஊத்துனாத்தானே இன்னும் இருங்கன்னு அர்த்தம்? வந்த மனுஷனை உடனே கிளம்புன்னு சொல்லிட்டீங்களே!”

சைக்கல் பேனாவைத் தாளிலிருந்து எடுத்தாள். “உங்க ரெண்டு பேரோட படத்தையும் கெடுத்துட்டேன். வேற தாள் கேக்கட்டுமா?”

“மணி மூணரை. பேனாவை அவகிட்ட குடும்மா” என்றார் எர்பொலாத்.

பர்வோனா யோசிக்கக்கூட இல்லை. மூன்றாவது கட்டத்தில் சம்பந்தி மூக்கு விடைக்கத் தொப்பியைத் தேடினார். வீட்டுக்காரரின் கையிலிருந்த கெண்டியை அவர் மனைவி பிடுங்கினாள். நான்காவது கட்டத்துக்குத் தாள் எர்பொலாத்திடம் போனது. ஏழெட்டுக் கோடுதான். குதிரை சம்பந்திக்கு முன்னாலேயே, தலையை நிமிர்த்திக்கொண்டு நடையைக் கட்டியது.

“குதிரைக்கு என்னண்ணே கோவம்?” என்றாள் பர்வோனா.

“அதுக்கு இன்னும் புல்லே போடலையே!”

சைக்கல் சிரிக்க மறந்து நின்றாள். இருவரும் ஒரு வார்த்தைகூடக் கலந்து பேசவில்லை. ஆனாலும் அவளுடைய பிழையைப் பிடித்துக்கொண்டு கதை தானாக நடந்து போயிருந்தது. இப்போது அந்தக் கிண்ணத்தில் ஒரு சொட்டுக் குறைந்தாலும் மற்ற கட்டங்கள் நிற்காது. தனியாக உட்கார்ந்து ஒன்பது வருடம் யோசித்திருந்தாலும் இது தனக்கு வந்திருக்காது என்று நினைத்துக்கொண்டாள்.

நான்கு மணிக்குச் சுவர் முன்னால் கூட்டம் கூடியது. இரண்டாவது கட்டத்துக்கு வந்ததுமே சிரிப்பு வெடித்தது.

“யாருப்பா இந்தத் தேநீரை ஊத்துனது?” என்று யாரோ கத்தினார்.

எர்பொலாத்தும் பர்வோனாவும் திரும்பி அவளைப் பார்த்தார்கள்.

சைக்கல் கையைத் தூக்கினாள். “நான்தான்.”